கல்லுக் கடலுக்கு எந்தக் காற்றாடி?

புங்குடுதீவின் மேற்குக் கரையில் இருப்பது குறிகட்டுவான் இறங்குதுறை. யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலம், வேலணை, அதன்பின் கடலுக்குள்ளால் போட்ட பாதை என்று பஸ்ஸில் வந்தால் தரைவழி அங்கே முடிந்துவிடும். அதற்கு அப்பால் நயினாதீவு போவதானாலும் நெடுந்தீவு போவதானாலும் வள்ளம்தான். நயினாதீவுக்குக் கால் மணி, இருபது நிமிடம். நெடுந்தீவுக்கு ஒரு மணி நேரம் அளவில் பிடிக்கும். அரிசி மூட்டை, சீமெந்து, காஸ் சிலிண்டர், பாடசாலை ஆசிரியர், பிரசவத்துக்குப் போகும் தாய் எல்லாமே அல்லாஹ்வின் உதவிக்கு அடுத்தபடியாக, தண்ணீருக்குள் சுற்றும் மூன்று இதழ்களை நம்பித்தான் அக்கரை போகின்றன.

அந்த மூன்று இதழைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதுகிறேன். இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களில் வள்ளம் வைத்திருப்பவர்கள் சிலர்தான் என்பது தெரியும். ஆனால் ஹார்ட்வெயார் கடை, உதிரிப்பாகக் கடை, பழைய இரும்பு வியாபாரம், மீன் ஏலம், ஐஸ், வலை என்று கடலை நம்பி வியாபாரம் செய்பவர்கள் நம்மில் அதிகம். கல்பிட்டி, மன்னார், மூதூர், கிண்ணியா வாசகர்களுக்கும் இது பயன்படும்.

முதலில் கடலைப் பார்க்க வேண்டும். பாக்கு நீரிணை ஆழம் குறைந்த கடல். இந்தியாவின் மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கரைக்குப் போகும் பெரிய கப்பல் இந்த நீரிணையால் போக முடியாமல் இலங்கையையே சுற்றிக்கொண்டு போவது அதனால்தான். 2005-ஆம் ஆண்டு இந்தியா சேது சமுத்திரத் திட்டத்தைத் தொடங்கியது இந்த ஆழக் குறைவுக்குத்தான். தீவுகளைச் சுற்றிய பகுதி இன்னும் மோசம். இந்தத் தீவுகள் சுண்ணாம்புக் கல்லின் மேல் நிற்பவை. நெடுந்தீவில் வீட்டு வேலியே முருகைக்கல்லை அடுக்கிக் கட்டியதுதான். கரையில் இருக்கும் அதே கல்தான் கடலுக்குள்ளும் பாராகப் படுத்திருக்கிறது. வற்றும் பெருக்கும் இங்கே பெரிய அளவில் இல்லை. ஆனால் கல்லுக்கும் காற்றாடிக்கும் நடுவில் ஓர் அடிதான் இடைவெளி என்றால், அரை அடி வற்றினாலும் போதும். அதோடு சாதாளை வேறு. அது மூடியிருக்கும் இடத்தில் கல் எது, மணல் எது என்று கண்ணுக்குத் தெரியாது.

இப்படிப்பட்ட கடலில் தொழில் செய்பவர் கடைக்கு வந்தால் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்.

“நானா, அலுமினியம் வருசத்துக்கு ரெண்டு உடையுது. ஸ்டீல் ஒண்டு போட்டா கல்லுக்குப் பயமில்லைதானே?”

“கல்லுக்குப் பயமில்லை தம்பி. கியருக்குத்தான் பயம்.”

இந்தப் பதிலை நான் விளக்கிச் சொல்லாவிட்டால், அவர் அடுத்த கடைக்குப் போய் ஸ்டீலை வாங்கிக்கொண்டு போய்விடுவார். ஆகவே விளக்கம்.

பைபர் வள்ளங்களில் பின்னால் மாட்டும் அவுட்போர்ட் மெஷின்களுக்கு, 8 குதிரை வலுவிலிருந்து 40 வரை, கம்பனியிலிருந்து பெரும்பாலும் அலுமினியக் காற்றாடிதான் வரும். இது மலிவு என்பதால் மட்டும் அல்ல. அலுமினியம் இலேசானது. ஸ்டீலின் எடையில் மூன்றில் ஒரு பங்குதான் வரும். மெதுவானது. கல்லில் பட்டால் வளையும், நுனி உடையும், அதிகம் பட்டால் ஓர் இதழே போய்விடும். அப்படிப் போகும்போது அடியின் வேகத்தைத் தானே வாங்கிக்கொண்டு போகிறது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பல மடங்கு பலமானது. அது வளைய மறுக்கும். ஆனால் அடி எங்கேயாவது போயாக வேண்டும். அது காற்றாடித் தண்டுக்குப் போகும், அங்கிருந்து கியர்ப் பல்லுக்குப் போகும். கல் மோதியதில் காற்றாடி ஒரு கீறலோடு தப்பியிருக்கும், உள்ளே தண்டு வளைந்திருக்கும்.

வீட்டில் மின்சாரப் பெட்டிக்குள் பியூஸ் கம்பி போடுகிறோம். அது எரிவதற்கென்றே போட்டது. தடித்த கம்பி போட்டால் பியூஸ் எரியாது, வீடு எரியும். கல்லுக் கடலில் காற்றாடியும் இப்படித்தான். மோதினால் ஏதாவது ஒன்று போகத்தான் போகிறது. அது விலை குறைந்ததாகவும், கடலில் வைத்தே மாற்றக் கூடியதாகவும் இருக்க வேண்டும். காற்றாடியை முழங்காலளவு தண்ணீரில் நின்று கால் மணி நேரத்தில் மாற்றலாம். கியரைக் கரைக்குக் கொண்டு வந்து, மெக்கானிக்கைப் பிடித்து, கொழும்பிலிருந்து சாமான் எடுத்துத்தான் மாற்ற வேண்டும். இடையில் தொழில் இல்லை.

ஸ்டீலிலும் உள்ளே றப்பர் புஷ் இருக்கிறதே, அது அடியை வாங்காதா என்று விபரம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. காற்றாடியின் நடுக் குழாய்க்குள் இறுக்கிப் பொருத்திய றப்பர் ஒன்று உண்டு. திடீரென்று சுற்று தடைப்பட்டால் றப்பர் வழுக்கிக் கொடுக்கும். ஆனால் அது சுற்றுத் தடைக்குத்தான் வழுக்கும். பக்கவாட்டிலிருந்தும் கீழிருந்தும் வரும் இடிக்கு றப்பர் ஒன்றும் செய்யாது. கல்லில் படும் அடி நேராக வருவது குறைவு.

அதற்காக ஸ்டீல் கூடாத பொருள் என்று நான் சொல்லவில்லை. இதழ் மெல்லியதாக வார்க்கலாம், அதனால் தண்ணீரை நன்றாக வெட்டும், வேகம் கொஞ்சம் கூடும். மணல் கடலில் அதுதான் நல்லது. மன்னார்ப் பக்கம் மணல் திட்டுகளில் உரசி உரசி அலுமினிய இதழின் விளிம்பு சவர்க்காரம் போல் கரைந்துவிடும், ஸ்டீல் தாங்கும். ஆழக் கடலுக்கு ஓடும் வேக வள்ளத்துக்கும் அது பொருந்தும். ஆனால் விலை அலுமினியத்தைப் போல மூன்று நான்கு மடங்கு. வளைந்தால் சாதாரணப் பட்டறையில் நிமிர்த்த முடியாது. அலுமினியத்தை ஓரிரு தடவை நிமிர்த்தி வெல்ட் பண்ணலாம். அதற்கு மேல் போனால் வெல்ட் பிடித்த இடத்தை ஒட்டியே உடையும். அப்போது அதைப் பழைய சாமானோடு போட்டுவிட வேண்டியதுதான்.

புங்குடுதீவுக் கடலில் அவுட்போர்ட் ஓட்டுபவருக்கு நான் சொல்வது இதுதான்: ஒரு ஸ்டீலுக்குக் கொடுக்கும் காசில் இரண்டு நல்ல அலுமினியம் வாங்குங்கள். ஒன்றை மாட்டுங்கள், ஒன்றை வள்ளத்தில் வையுங்கள். மிஞ்சும் காசுக்குப் புஷ்ஷும் சீலும் வாங்கலாம். ஸ்டீல் விற்றால் எனக்கு இலாபம் அதிகம் என்பதும் உண்மைதான்.

நைலோனில் கண்ணாடி இழை கலந்து செய்த காற்றாடிகளும் உலகச் சந்தையில் இருக்கின்றன. சிலவற்றில் உடைந்த இதழை மட்டும் கழற்றி மாற்றலாம். கல்லுக் கடலுக்கு நல்ல யோசனைதான். ஆனால் மாற்று இதழ் கைக்குக் கிடைக்காத ஊரில் அதை வாங்கி என்ன பயன்? இறக்குமதி செய்பவர் யாராவது தொடர்ந்து இதழ் தருவேன் என்று உறுதி சொன்னால் பார்க்கலாம்.

இனிப் பெரிய வள்ளங்கள். குறிகட்டுவானிலிருந்து ஆள் ஏற்றும் டீசல் வள்ளங்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அங்கே மெஷின் உள்ளே இருக்கிறது. நீண்ட தண்டு வெளியே வந்து, சுக்கானுக்கு முன்னால் காற்றாடி சுற்றுகிறது. கீழே அடிக்கட்டை நீண்டு அதைக் காக்கிறது. சுற்றும் வேகம் குறைவு, இதழ் அகலமும் தடிப்பும் கூட. இவற்றுக்குப் பழங்காலம் தொட்டே மஞ்சள் உலோகம்தான். வெண்கலம் என்று சொல்லி விற்பார்கள். பல பத்தாண்டுகள் நெடுந்தீவு மக்களைச் சுமந்ததும், 1985 மே 15-ஆம் திகதி நடந்த படுகொலையால் நாடறிந்ததுமான குமுதினி ஓடிய வழி இது. இன்றும் இந்த வழியில் ஒரே நேரத்தில் பத்துக் கணக்கான உயிர்கள் ஒரு தண்டையும் ஒரு காற்றாடியையும் நம்பிப் போகின்றன.

மஞ்சள் உலோகத்தின் நன்மை, கல்லில் பட்டால் உடையாமல் மடியும் என்பது. சின்ன மடிப்பைப் பட்டறையில் தட்டி நிமிர்த்தலாம், பெரியதைச் சூடாக்கி நிமிர்த்தலாம், உடைந்த நுனிக்கு உலோகம் வைத்து வளர்க்கலாம். ஒரே காற்றாடி ஒரு வள்ளத்தில் பல வருடங்கள் உழைத்து, வள்ளம் பழுதான பின் இன்னொரு வள்ளத்துக்குப் போவதும் உண்டு. கடைசியில் உருக்கப் போட்டாலும் பணம் திரும்பும். உலகச் சந்தையில் செம்பின் விலை அலுமினியத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல் என்பது பழைய சாமான் வியாபாரம் செய்யும் நம் சகோதரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆனால் பெயரில் ஒரு விசயம் இருக்கிறது. மாங்கனீஸ் வெண்கலம் என்ற பெயரில் சந்தையில் ஓடும் காற்றாடி உண்மையில் வெண்கலம் அல்ல. வெண்கலம் என்றால் செம்பும் வெள்ளீயமும். இது செம்பு ஏறக்குறைய 58 பங்கு, நாகம் 39 பங்கு அளவில், கொஞ்சம் இரும்பும் மாங்கனீசும் சேர்த்தது. அதாவது பலப்படுத்திய பித்தளை. பார்சன்ஸ் என்ற ஆங்கிலேயர் 1876-இல் இதற்குக் காப்புரிமை எடுத்தபோது வைத்த பெயர் அப்படியே நிலைத்துவிட்டது. நாகம் இருப்பதால் இதற்கு ஒரு நோய் உண்டு. உப்புத் தண்ணீர் நாகத்தை மட்டும் மெல்ல உறிஞ்சிவிடும். வடிவம் அப்படியே இருக்கும், உள்ளே பஞ்சு போன்ற செம்புதான் மிஞ்சும். மேலே மஞ்சள் மாறி இளஞ்சிவப்பு ஏறியிருக்கும். கயிற்றில் தூக்கிச் சுத்தியலால் மெல்லத் தட்டினால், நல்ல காற்றாடி மணி போல் ஒலிக்கும். நோய் பிடித்தது மரத்தில் தட்டியது போல் சத்தம் கொடுக்கும். பழைய காற்றாடி வாங்குபவர் இந்த இரண்டையும் பார்க்காமல் காசு கொடுக்கக் கூடாது.

இதைவிட உயர்ந்தது நிக்கல் அலுமினிய வெண்கலம். செம்பு 80 பங்கு அளவு, அலுமினியம் 9, 10 பங்கு, மிச்சம் நிக்கலும் இரும்பும். நாகம் கிடையாது, ஆகவே அந்த நோயும் கிடையாது. பெரிய கப்பல்களின் காற்றாடி இதில்தான் வார்க்கப்படுகிறது. விலை அதிகம். நாளுக்குப் பலமுறை ஆள் ஏற்றி ஓடும் வள்ளத்துக்கு அந்த விலை தகும் என்பது என் கருத்து.

இங்கே வியாபாரிகளுக்கு ஒரு சொல். பித்தளையை வெண்கலம் என்றும், நாகம் போன பழைய காற்றாடியைப் பொலிஷ் போட்டுப் புதிது போலவும் விற்பவர்கள் இருக்கிறார்கள். மதீனாச் சந்தையில் நபி (ஸல்) அவர்கள் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே ஈரம் இருந்ததைக் கண்டு, அதை மேலே போட்டிருக்கலாமே என்று வியாபாரியைக் கண்டித்த சம்பவம் நம் பிள்ளைகளுக்கும் தெரியும். தானியத்தில் ஈரம் இருந்தால் சோறுதான் கெடும். காற்றாடியில் குறை இருந்தால் நடுக்கடலில் வள்ளம் நிற்கும். வாடைக் காலத்தில் நெடுந்தீவுக்கு அப்பால் மெஷின் நின்றால் காற்று வள்ளத்தைத் தென்மேற்கே, 1974 ஒப்பந்தம் வகுத்த கடல் எல்லையை நோக்கித் தள்ளும். எல்லை தாண்டிவிட்டால் உயிர் தப்பினாலும் சிறை, வழக்கு, பறிமுதல். அந்தக் குடும்பத்தின் அலைச்சலில் நமக்குப் பங்கு இருக்கக் கூடாது.

மஞ்சள் உலோகம் நல்லது என்றால் அதையே அவுட்போர்ட்டுக்கும் போட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது. அவுட்போர்ட்டின் கீழ்ப்பகுதி முழுவதும் அலுமினியம். செம்பு கலந்த உலோகமும் அலுமினியமும் தொட்டபடி உப்புத் தண்ணீரில் இருந்தால் அது ஒரு பெற்றரி போல் வேலை செய்யும். அதில் கரைவது அலுமினியம். காற்றாடி பளபளவென்று இருக்கும், அதைப் பிடித்திருக்கும் உடம்பு பொரிந்துபோகும். ஸ்டீல் போட்டாலும் இந்தத் தொல்லை ஓரளவு உண்டு. அதற்காகத்தான் மெஷினில் ஒரு சிங்க் துண்டு வைத்திருக்கிறார்கள். மற்றதற்குப் பதிலாக அது கரையும். பாதிக்கு மேல் கரைந்தால் மாற்ற வேண்டும். அழகுக்காக அதன்மேல் பெயின்ற் அடிப்பவர்கள் இருக்கிறார்கள். பெயின்ற் அடித்தால் அது இருந்தும் இல்லாதது போல்தான்.

காற்றாடியின் வரலாற்றிலேயே ஒரு மோதல் கதை உண்டு. பிரான்சிஸ் பெற்றிற் ஸ்மித் என்ற ஆங்கிலேயர், 1837-ஆம் ஆண்டு அளவில் லண்டன் பக்கத்துக் கால்வாய் ஒன்றில் மரத்தால் செய்த நீண்ட திருகாணி போன்ற காற்றாடியை ஓட்டிப் பார்த்தார். அது எதிலோ பட்டுப் பாதி முறிந்துபோனது. வள்ளம் நிற்கும் என்று பார்த்தால் முன்னையைவிட வேகமாக ஓடியது. நீளம் குறைவாக இருந்தால்தான் நல்லது என்று அப்போதுதான் விளங்கியது. அது ஒரு தடவை நடந்த அதிசயம். நம் சம்மாட்டிமார் சிலர் நுனி உடைந்த காற்றாடியோடு மாதக் கணக்கில் ஓடிவிட்டு, “ஓடுதுதானே” என்கிறார்கள். ஓடும். ஆனால் இதழ் மூன்றும் ஒரே எடை இல்லாததால் தண்டு நடுங்கும். நடுக்கம் சீலைத் தின்னும். சீல் போனால் கியர் ஒயிலுக்குள் உப்புத் தண்ணீர் இறங்கும். ஒயிலைத் திறந்து பார்த்தால் பால் தேநீர் நிறத்தில் இருக்கும். அந்த நிறம் கண்டபின் ஒரு நாளும் ஓட்டக் கூடாது.

அதோடு எண்ணெய்ச் செலவு. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே இரவில் ஏறியது யாருக்கும் மறக்காது. பிறகு விலை இறங்கினாலும் பழைய நிலைக்கு வரவில்லை. இதழ் வளைந்த வள்ளம் அதே தூரத்துக்கு அதிக எண்ணெய் குடிக்கும். உடைந்த காற்றாடியை மாற்றாமல் மிச்சம் பிடிக்கும் காசு எண்ணெய்த் தாங்கியால் போய்விடும்.

அந்த 2022-இல்தான் டொலர் 200 ரூபாவிலிருந்து சில மாதங்களில் 360 அளவுக்குப் போனது. இறக்குமதிச் சாமானின் விலை அதோடு ஏறியது. கம்பனிக் காற்றாடி கைக்கு எட்டாமல் போக, பெயர் தெரியாத மலிவுச் சரக்கு சந்தைக்கு வந்தது. எல்லாம் கெட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் வாங்கும்போது பாருங்கள். வார்ப்பில் ஊசித் துளை இருக்கிறதா? மூன்று இதழின் நுனியும் ஒரே மட்டத்தில் வருகிறதா? இதை மேசையில் படுக்க வைத்து ஒரு அடிமட்டத்தால் அளந்து பார்க்கலாம். றப்பர் புஷ் நடுவில் இருக்கிறதா? ஸ்டீலைக் காந்தம் வைத்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நல்ல ஸ்டீல் வகைகளிலும் காந்தம் பிடிப்பவை உண்டு.

அளவையும் கவனிக்க வேண்டும். 10 × 12 என்று வெட்டியிருந்தால் விட்டம் 10 அங்குலம், பிட்ச் 12 அங்குலம். பிட்ச் என்பது வழுக்கல் இல்லாவிட்டால் ஒரு சுற்றுக்கு வள்ளம் முன்னே போகும் தூரம். பிட்ச் ஓர் அங்குலம் கூடினால் மெஷினின் சுற்று நிமிடத்துக்கு 150, 200 அளவில் குறையும். கடையில் இருப்பதைக் கொடுத்து அனுப்புவோம் என்று பிட்ச் கூடியதைக் கொடுத்தால், பாரம் ஏற்றிய வள்ளத்தில் மெஷின் திணறிப் பழுதாகும். பழையதைக் கொண்டு வரச் சொல்லி இலக்கத்தைப் பார்த்துக் கொடுப்பதுதான் முறை.

சின்ன மெஷின்களில் றப்பருக்குப் பதில் ஷியர் பின் இருக்கும். மோதினால் அது அறுந்து கியரைக் காக்கும். சில ரூபா பெறுமதியான இந்தப் பின் அடிக்கடி அறுகிறது என்று எரிச்சலில் இரும்பு ஆணியையோ துளைக்குச் சரியான போல்ற்றையோ அடித்து விடுகிறார்கள். இதைவிடப் பெரிய நட்டத்துக்கு வழி கிடையாது. அடுத்த கல்லில் கியர் முழுவதும் போகும். கடைக்காரர்கள் காற்றாடி விற்கும்போது ஐந்து பின்னையும் ஒரு சின்னப் பொதியில் போட்டுக் கொடுத்தால் அந்த வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போக மாட்டார்.

ஓட்டும் விதமும் இருக்கிறது. அவுட்போர்ட் முன்னே ஓடும்போது கல்லில் பட்டால் மெஷினே பின்னால் தூக்கிக் கொடுக்கும். பின்கியரில் அப்படித் தூக்காது. பின்னால் போகும்போது மெஷின் எழும்பாமல் கொளுக்கி பிடித்திருக்கும். இறங்குதுறையில் அவசரமாகப் பின்கியர் போட்டுக் கல்லில் அடித்த இதழ்கள்தான் என் கடைக்கு அதிகம் வருகின்றன. ஆழம் குறைந்த இடத்துக்கென்று மெஷினைக் கொஞ்சம் உயர்த்தி வைக்கும் நிலை ஒன்று பல மொடல்களில் உண்டு. வாங்கிய நாளிலிருந்து அதைத் தொடாதவர்கள் பலர்.

இன்னொன்று தங்கூசி. அறுந்த வலைத் துண்டும் தங்கூசியும் காற்றாடிக்குப் பின்னால் தண்டில் சுற்றி, சூட்டில் இறுகிச் சீலை வெட்டும். இழுவைமடித் தொழிலை 2017-இல் சட்டம் தடை செய்தாலும், அறுந்த வலைகள் இந்தக் கடலில் இன்னும் மிதக்கின்றன. மாதம் ஒருமுறை காற்றாடியைக் கழற்றித் தண்டைத் துடைத்து, தண்ணீரில் கரையாத கிறீஸ் பூசி மாட்ட வேண்டும். கிறீஸ் இல்லாமல் வருடக் கணக்கில் விட்டால் காற்றாடி தண்டோடு ஒட்டிவிடும். பிறகு மாற்றுக் காற்றாடி கையில் இருந்தாலும் கடலில் வைத்துக் கழற்ற முடியாது.

தீவுப்பகுதியில் கடை போட நினைக்கும் சகோதரர்கள், அந்தத் துறையில் எந்தக் குதிரை வலு மெஷின் அதிகம் ஓடுகிறது என்று முதலில் எண்ணிப் பாருங்கள். அந்த ஒன்றிரண்டு அளவில் அலுமினியத்தை எப்போதும் இருப்பில் வைத்திருங்கள். ஸ்டீலைக் கேட்டு வந்தால் எடுத்துக் கொடுக்கலாம், அடுக்கி வைத்துப் பணத்தை முடக்க வேண்டாம். கடற்றொழில் கூட்டுறவுச் சங்கங்களோடு பேசி மொத்தமாகக் கொள்வனவு செய்தால் விலையும் குறையும், போலிச் சரக்கும் ஒதுங்கும். காற்றாடியோடு சேர்த்து அதன் நட், வாஷர், கொட்டர் பின், அதற்குப் பொருத்தமான ஸ்பேனர் நான்கையும் தண்ணீர் புகாத டப்பாவில் போட்டு விற்றுப் பாருங்கள். காற்றாடி ஒன்று மிச்சம் இருந்தும் ஸ்பேனர் இல்லாமல் கடலில் நின்ற வள்ளங்கள் இந்தப் பக்கத்தில் பல.